ஆசிரியப் பணியை விட்டு மென்பொருள் துறைக்கு வரலாமா? ஒரு கணித ஆசிரியையின் கடிதமும் பதிலும்

உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 38. ஆசிரியப் பணியில் 13 ஆண்டுகள். கணவரும் வேலைக்குச் செல்கிறார். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. வகுப்பறை அவருக்குப் பிடிக்கும். பிடிக்காதது அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட மற்றவை: பதிவேடுகள், படிவங்கள், ஆய்வுக்கு வருவோருக்காகவே தயாராகும் கோப்புகள், விடுமுறையிலும் ஓயாத வாட்ஸ்அப் செய்திகள். மதிப்பெண்களைக் கையால் கூட்டும் தொல்லை தாங்காமல், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எக்செலில் சூத்திரங்கள் போட்டு ஒரு மதிப்பெண் பட்டியல் அமைத்தார். இன்று பள்ளி முழுவதும் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஒருமுறை யாரோ புதிய பாடத்துக்காக நடுவில் ஒரு நெடுவரிசையைச் சேர்க்க, எல்லா மாணவர்களின் மதிப்பெண்ணும் பாடம் மாறி விழுந்துவிட்டது. “நள்ளிரவு வரை உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு வந்த மகிழ்ச்சி இந்த வேலையில் எனக்குக் கிடைத்து வெகுகாலம் ஆகிறது” என்கிறார்.

இப்போது பயிற்சி நிறுவனம் ஒன்று அவரை அழைக்கிறது. ஆறு மாத முழுநேரப் படிப்பு, வேலைக்கு உத்தரவாதம், கட்டணம் வேலை கிடைத்த பிறகு. சேரும்போது அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டுமாம். கல்வியாண்டு முடிந்ததும் ராஜினாமா செய்துவிட்டுச் சேர்ந்துவிடலாம் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார். மிச்சமிருப்பவை சில கேள்விகள். இந்த வயதில் யார் வேலை தருவார்கள்? கணினி அறிவியலில் இன்னொரு பட்டம் வேண்டுமா? ஆசிரியராக இருந்ததை விண்ணப்பத்தில் மறைத்துவிடலாமா? செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் துறைக்குள் நுழைவது அறிவீனம் என்கிறாரே கணவர், அது சரியா? தலைமையாசிரியரிடம் எப்போது சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்த பகுதி அந்த நள்ளிரவுதான். சூத்திரத்தில் ‘ஐந்தாவது நெடுவரிசையை எடு’ என்று எண்ணால் சொல்லியிருப்பீர்கள். நடுவில் ஒன்று நுழைந்ததும் ஐந்தாவது இடத்தில் வேறு பாடம் வந்து உட்கார்ந்துவிட்டது. மென்பொருள் எழுதுவோர் நாள்தோறும் மல்லுக்கட்டுவது இந்த வகைப் பிழையோடுதான். ஓரிடத்தில் செய்த மாற்றம், அதை நம்பியிருந்த வேறோர் இடத்தைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும் நிரல் பரவாயில்லை. தவறான மதிப்பெண்ணை அழகாக அச்சிட்டுத் தரும் நிரல்தான் ஆபத்து. அப்படிப்பட்ட பிழையைத் துரத்திப் பிடித்ததில் உங்களுக்கு எரிச்சலைவிட மகிழ்ச்சி அதிகமாக இருந்திருக்கிறது. இந்த வேலைக்குப் பொருந்துவீர்களா என்று நான் பார்க்கும் முதல் அறிகுறியே அதுதான். அது உங்களிடம் இருக்கிறது.

அதற்காக, இந்த ஆண்டு இறுதியில் ராஜினாமா செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். செய்யாதீர்கள் என்றே சொல்கிறேன். கடிதத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். முக்கால் பங்கு நீங்கள் விட்டுவிட நினைப்பதைப் பற்றியது. போக நினைக்கும் இடத்தைப் பற்றி நான்கைந்து வரிகள்தான் இருக்கின்றன. அவற்றிலும் இரண்டு கற்பனை: ‘வீட்டிலிருந்தே செய்யலாம்’, ‘மாலையில் வேலை முடிந்தால் முடிந்ததுதான்’. சில நிறுவனங்களில் அது உண்மை. பலவற்றில் இல்லை. புதிய பதிப்பு வெளியாகும் இரவுகளில் விழித்திருக்க வேண்டும். பழுது வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசி அடிக்கும். படிவங்களுக்குப் பதில் தினசரிக் கூட்டங்களும் பணிப்பதிவுகளும் இருக்கும். ஆண்டு விடுமுறை என்ற ஒன்று இருக்காது. இன்னொன்றையும் ஆசிரியர்கள் எதிர்பார்ப்பதில்லை: நாற்பது முகங்களின் முன்னால் நின்று பழகியவர்களுக்கு, திரையின் முன்னால் மணிக்கணக்கில் பேச்சில்லாமல் உட்காருவது முதல் சில மாதங்கள் மிகவும் வறட்சியாக இருக்கும். சிலருக்கு அந்த அமைதியே வரம். நீங்கள் எந்த வகை என்பது கடிதத்திலிருந்து தெரியவில்லை. உங்களுக்கே தெரிய வேண்டுமானால் செய்து பார்க்க வேண்டும். அதற்கு ராஜினாமா தேவையில்லை.

வயதும் பட்டமும்

முதல் வேலைக்கு 38 வயது தடையாகும் இடங்கள் உண்டு. வயதைக் காரணம் காட்டி மறுப்பதைச் சட்டம் தடுக்கும் நாடுகளும் உண்டு என்றாலும், மறுப்பவர்கள் அதைக் காரணமாக எழுதித் தருவதில்லை. ஆகவே எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன என்று பொய் சொல்ல விரும்பவில்லை. கல்லூரி முடித்து வருவோரைக் கூட்டம் கூட்டமாக எடுக்கும் பெரிய நிறுவனங்களின் தொடக்கநிலைத் தேர்வு உங்களுக்கான வாசல் அல்ல. சிறிய நிறுவனங்கள், கல்விக்கான மென்பொருள் செய்பவர்கள், பள்ளி கல்லூரிகளின் கணினிப் பிரிவுகள் ஆகியவைதான் உங்களுக்கான இடங்கள். அங்கே பார்ப்பது, சொன்னதைச் செய்து முடிப்பாரா, பிறருக்குப் புரியும்படி பேசுவாரா என்பதை.

முப்பது வயதையொட்டி நிரல் எழுதக் கற்ற ஒரு முன்னாள் ஆசிரியர்தான் ஃப்ரீகோடுகேம்ப் என்ற இலவசக் கற்றல் தளத்தை 2014இல் தொடங்கினார். குவின்சி லார்சன் என்ற அவர் பள்ளி நிர்வாகத்திலும் இருந்தவர். இதை ஊக்கமூட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் கட்டணம் கட்டிப் படிக்க நினைக்கும் பாடங்களில் பெரும்பகுதி அங்கே இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பட்டம்? உங்களிடம் கணிதப் பட்டம் இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகள் செலவழித்து இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. விண்ணப்பத்திலேயே கணினி அறிவியல் பட்டம் கட்டாயம் என்று கேட்கும் இடங்களை விட்டுவிடுங்கள்.

சம்பளத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 13 ஆண்டு அனுபவத்துக்கான ஊதியத்திலிருந்து தொடக்கநிலை ஊதியத்துக்கு இறங்குவீர்கள். ஒன்றிரண்டு ஆண்டுகள் வீட்டு வரவு அந்த அளவுக்குச் சுருங்கினால் கடன் தவணை நிற்காமல் போகுமா என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். உங்களுக்கு வேலை சொல்லித் தருபவர் உங்கள் பழைய மாணவர் வயதில் இருப்பார் என்பதற்கும் மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டாவது விஷயத்தில்தான் ஆசிரியர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

அந்த ஆறு மாதப் பயிற்சி

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

‘வேலை கிடைத்த பிறகு கட்டணம்’ என்பதை இலவசம்போல நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அது கடன். பெயர் வேறாக இருக்கலாம். வருமானத்தில் பங்கு என்பார்கள், ஒத்திவைத்த கட்டணம் என்பார்கள். கட்டாவிட்டால் உங்கள் மீது வழக்குத் தொடுக்க முடியும் என்றால் அது கடன்தான். அமெரிக்காவில், முன்பு லாம்ப்டா ஸ்கூல் என்று அழைக்கப்பட்ட ப்ளூம்டெக் பயிற்சி நிறுவனத்தின் மீது, அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. ‘இது கடனல்ல’ என்று மாணவர்களிடம் சொன்னது குற்றச்சாட்டுகளில் ஒன்று. படித்து முடித்தவர்களில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்கிறது என்பது விளம்பரம். முதலீட்டாளர்களுக்குக் காட்டிய உள்கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 30 சதவீதம்வரை இறங்கியதும் உண்டு. ஒரு பிரிவில் 100 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்ததாகவும் அதன் தலைவர் பெருமையாக அறிவித்தார். அந்தக் கணக்கில் இருந்த மாணவர் ஒரே ஒருவர். சதவீதம் கற்பிக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்களை அழைக்கும் நிறுவனமும் அப்படித்தான் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. நல்ல பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் கையெழுத்திடும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்:

– ‘வேலை’ என்பதற்கு ஒப்பந்தத்தில் என்ன பொருள்? எந்த வேலையானாலும், எந்தச் சம்பளமானாலும் கட்டணம் தொடங்கிவிடுமா? அழைப்பு மையத்தில் உட்காரவைத்துவிட்டு ‘வேலை தந்தாயிற்று’ என்று சொல்ல இடமிருக்கிறதா?

– நீங்களாகவே பழைய பள்ளியிலோ வேறு பள்ளியிலோ மறுபடி ஆசிரியராகச் சேர்ந்தால், அந்தச் சம்பளத்திலிருந்தும் கட்ட வேண்டுமா? பலர் கேட்க மறக்கும் கேள்வி இது.

– மொத்தமாகக் கட்ட நேரும் உச்சத்தொகை எவ்வளவு? எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கடமை தானாக முடிகிறது? பாதியில் விலகினால் என்ன ஆகும்?

– கடந்த இரண்டு பிரிவுகளில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? முடித்தவர்கள் எத்தனை பேர்? முடித்தவர்களைப் பகுதி எண்ணாக வைத்துச் சதவீதம் சொன்னால், சேர்ந்தவர்களை வைத்துக் கேளுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும். வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் நிறுவனம் உங்களைப் பிணையாகப் பிடித்துவைக்கப் பார்க்கிறது. ஆசிரியப் பணிக்குத் திரும்ப நேர்ந்தால் அந்தத் தாள்கள் இல்லாமல் எங்கே போய் நிற்பீர்கள்? இந்த நிபந்தனையை அவர்கள் கைவிடாவிட்டால், மற்ற கேள்விகளைக் கேட்கவே தேவையில்லை.

வேலையில் இருந்துகொண்டே எப்படிக் கற்பது

முழுநேரமாக ஆறு மாதம் என்றால், வாரம் 40 மணி நேரம் என வைத்து 26 வாரத்துக்கு 1,040 மணி நேரம். வாரத்துக்கு 10 மணி ஒதுக்கினால் இரண்டு ஆண்டுகள் ஆகும். நீளமாகத் தெரியும். ஆனால் சம்பளம் வந்துகொண்டிருக்கும் இரண்டு ஆண்டுகள் அவை. ஆண்டு விடுமுறையை முழுமையாகப் பயன்படுத்தினால் இன்னும் குறையும்.

எந்த மொழியில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாரும் பைதான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட் என்பார்கள். இரண்டுமே நல்ல தேர்வுதான். உங்களுக்கு மட்டும் நான் வேறொன்றைச் சொல்வேன்: தரவுத்தளமும், அதனிடம் தரவைக் கேட்டு வாங்கும் மொழியான எஸ்க்யூஎல்லும். காரணம் உங்கள் பிழையிலேயே இருக்கிறது. தரவு எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நம்பி நிரல்கள் எழுதப்படுவதால் சிறு மாற்றத்துக்கும் அவை உடைகின்றன என்ற சிக்கலைத்தான், ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் எடுத்துக்கொண்டார். நீங்கள் நெடுவரிசையோடு போராடியதும் அதே சிக்கலோடுதான். அவர் கணிதம் படித்தவர். தீர்வைக் கணங்களிலும் உறவுகளிலும் தேடினார். இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அந்த அடித்தளத்தின் மேல் நிற்கின்றன. இரண்டு அட்டவணைகளை இணைப்பது என்பது, ஒன்றின் ஒவ்வொரு வரிசையையும் மற்றதன் ஒவ்வொரு வரிசையோடும் சேர்க்கும் கார்ட்டீசியன் பெருக்கலில் நிபந்தனைக்கு உட்பட்ட ஓர் உட்கணத்தை எடுப்பதுதான். கணினிப் பட்டதாரிகள் பலர் மனப்பாடம் செய்யும் இந்தப் பகுதியை நீங்கள் கரும்பலகையில் எத்தனை முறை விளக்கியிருப்பீர்கள்! அதன் பிறகு பைதானுக்கு வாருங்கள். கூடவே, செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியையும் பழகுங்கள். 2005இல் வந்த அது இன்று எந்தக் குழுவிலும் தவிர்க்க முடியாதது.

காணொளிகளைப் பார்த்துக்கொண்டே கூடவே தட்டச்சு செய்வதைக் கற்றல் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் பலகையில் கணக்குப் போடும்போது தலையாட்டிவிட்டு, வீட்டுப்பாடத்தில் முதல் வரியிலேயே நிற்கும் மாணவனை உங்களுக்குத் தெரியும். அவன் இடத்தில் இப்போது நீங்கள். ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டு மணி நேரம் எதையும் பார்க்காமல் எழுத வேண்டும்.

முதல் முயற்சியாக அந்த மதிப்பெண் பட்டியலையே உண்மையான மென்பொருளாகச் செய்யுங்கள். மாணவர், பாடம், தேர்வு, மதிப்பெண் என நான்கு அட்டவணைகள். அதன் மேல் ஓர் எளிய இணையப் பக்கம். புதிய பாடம் சேர்த்தால் எதுவும் உடையக் கூடாது. வருகை தராதவருக்கும் பூஜ்யம் வாங்கியவருக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். மறுமதிப்பீட்டில் மாறிய மதிப்பெண் எப்போது, யாரால் மாறியது என்று பதிவாக வேண்டும். இந்தத் தேவைகளெல்லாம் ஒரு பயிற்சி நிறுவன மாணவருக்குத் தோன்றாது, உங்களுக்குத் தோன்றும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். மாணவர்களின் உண்மைப் பெயரோ மதிப்பெண்ணோ ஒன்றுகூடப் பள்ளிக்கு வெளியே போகக் கூடாது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் போன்ற பொதுத்தளத்தில் மட்டுமல்ல, சாட்ஜிபிடியிடம் ஐயம் கேட்கும்போதும் ஒட்டிவிடாதீர்கள். கற்பனைப் பெயர்களை வையுங்கள். அடுத்து, பணியின் பகுதியாக, பள்ளிக் கணினியில் செய்த எக்செல் பட்டியல் பல நாடுகளின் சட்டப்படி பள்ளிக்கே உரியதாகலாம். அதை அப்படியே எடுத்துவந்து உங்கள் படைப்பாகக் காட்டாதீர்கள். யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, சொந்தக் கணினியில், சொந்த நேரத்தில், முதலிலிருந்து எழுதுங்கள்.

கணவர் சொல்வது

அவர் சொல்வதில் பாதி சரி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, தொடக்கநிலைப் பணியாளருக்குக் கொடுத்துவந்த சிறு சிறு நிரல் வேலைகளை இயந்திரம் நொடியில் செய்து தருகிறது. முதல் வேலைக்கான வாசல் குறுகியிருக்கிறது. பயிற்சி நிறுவன விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

மீதிப் பாதி: இயந்திரம் எழுதியது சரியா என்று யாராவது வாசித்துப் பார்க்க வேண்டும். அது தன்னம்பிக்கையோடு தவறு செய்யும். நேர்த்தியாக எழுதப்பட்ட தவறான விடையில் எந்த வரியில் வழுக்கியது என்று கண்டுபிடிப்பதை 13 ஆண்டுகளாக, சிவப்பு மையோடு, நீங்கள் செய்துவருகிறீர்கள். ஆனால் அந்தக் கண் நிரலிலும் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் நீங்களே நிறைய எழுதியிருக்க வேண்டும். எனவே முதல் ஆறு மாதம் விடையை அதனிடம் கேட்காதீர்கள். முயன்று சிக்கிக்கொண்ட பிறகு விளக்கம் கேட்பது வேறு.

ஆசிரியராக இருந்ததை விண்ணப்பத்தில் மறைக்கலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மறைத்தால் 13 ஆண்டு வெற்றிடம் தெரியும். அதைவிட மோசமான விண்ணப்பம் கிடையாது. முதல் வரியிலேயே எழுதுங்கள். நேர்காணலில் ஏன் விடுகிறீர்கள் என்று கேட்பார்கள். பதிவேடுகளைப் பற்றிப் புலம்பாமல், மதிப்பெண் பட்டியலின் கதையைச் சொல்லுங்கள்.

மென்பொருள் உருவாக்கம் ஒன்றுதான் வழி என்றும் நினைக்க வேண்டாம். மென்பொருள் சோதனை, தொழில்நுட்ப ஆவணம் எழுதுதல், தரவு பகுப்பாய்வு, பயனர் பயிற்சி, பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும் கற்றல் மேலாண்மை அமைப்புகளைப் பராமரித்தல் ஆகியவற்றுக்கெல்லாம் ஆசிரியர்கள் எளிதாக நுழைகிறார்கள். அவர்களில் சிலர் அங்கேயே மனநிறைவோடு தங்கிவிடுகிறார்கள். சிலர் ஓராண்டு கழித்து நிரலாக்கத்துக்கு நகர்கிறார்கள். உங்கள் பள்ளி மூடில் (Moodle) என்ற கற்றல் மேலாண்மை அமைப்பைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். 2002இல் வெளிவந்த திறந்தமூல அமைப்பு அது. நிரல் முழுவதும் எவரும் வாசிக்கலாம். அதை நிர்வகிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கினால், இருக்கும் வேலையிலேயே அனுபவம் கணக்கில் சேரும்.

விலகும் முன் பார்க்க வேண்டிய தாள்கள்

உங்கள் பணி விதிகளையும் நியமன ஆணையையும் எடுத்து வாசியுங்கள். முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, ஊதியமில்லா விடுப்பு எத்தனை மாதம் கிடைக்கும், ஓய்வூதியத்துக்கோ பணிக்கொடைக்கோ குறைந்தபட்சப் பணிக்காலம் உண்டா, அதற்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் எட்டிவிடக்கூடிய தொகையை அவசரத்தில் விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே ஊதியத்துக்கு வேலை செய்ய முன் அனுமதி வேண்டும் என்ற விதி இருந்தால், பகுதிநேர மென்பொருள் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நீங்களாகக் கற்றுக்கொள்வதற்குப் பெரும்பாலும் அனுமதி தேவைப்படாது.

நீங்கள் செய்யக்கூடிய வரிசை இதுதான். அடுத்த மூன்று மாதம் வாரம் 10 மணி. அதன் முடிவில் மதிப்பெண் மென்பொருள் அரைகுறையாகவாவது ஓடுகிறதா, தொடர வேண்டும் என்ற ஆசை மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் ஓராண்டு தொடருங்கள். பிறகு விண்ணப்பியுங்கள். நேர்காணல் அழைப்புகள் வரத் தொடங்கினால் ஊதியமில்லா விடுப்பைப் பற்றி யோசிக்கலாம். கையில் பணி ஆணை வந்த பிறகே ராஜினாமா. மூன்று மாதத்திலேயே சலித்துவிட்டால் அதையும் தோல்வியாக எண்ண வேண்டாம். உங்கள் எரிச்சல் பதிவேடுகளின் மீதுதான், வேலையின் மீதல்ல என்று தெரிந்துவிடும். அப்போது தேட வேண்டியது வேறு பள்ளியை.

தலைமையாசிரியரிடம் இப்போது சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே சொன்னால் நல்லெண்ணத்தைவிட, அடுத்த ஆண்டு வகுப்புப் பங்கீட்டில் உங்களை ஓரங்கட்டுவதே நடக்க வாய்ப்பிருக்கிறது. விடுப்பு விண்ணப்பிக்கும் நாளில் சொன்னால் போதும். ஆனால் முன்னறிவிப்புக் காலம் தேர்வு நெருங்கும் மாதங்களில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புதிய நிறுவனத்திடம் சேரும் தேதியை ஒரு மாதம் தள்ளிக் கேட்பதில் தவறில்லை, பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இடையில் விண்ணப்பப் படிவங்களில் ‘தற்போதைய மேலதிகாரியைத் தொடர்புகொள்ளலாமா’ என்று கேட்டிருந்தால், ‘இப்போது வேண்டாம்’ என்று குறியிடுங்கள். அது வழக்கமான பதில்தான். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.